சின்னக் கேபினட், உள்ளே தண்ணீர்: பிரிக்காமலே கோளாறைப் பிடிப்பது

கம்ப்யூட்டர் கேபினட்டை நாமே வரைந்து, தகடு வெட்டி, வளைத்து, பெயிண்ட் அடித்து, சூட்டைத் தணிக்க உள்ளே தண்ணீரையும் ஓடவிட்டு மூடிய பிறகு ஏதோ சரியில்லை என்று தெரிந்தால் வருகிற எரிச்சல் தனி ரகம். பெரிய டவர் கேபினட் என்றால் பக்கக் கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்துவிடலாம். 12 லிட்டருக்குள் அடைத்ததில் ஒரு ஸ்க்ரூவை எட்டுவதற்கே நாலு பாகத்தைக் கழற்ற வேண்டும். டியூப்பைக் கழற்றினால் தண்ணீரை வடிக்க வேண்டும். வடித்தால் மறுபடி நிரப்பி, காற்றை வெளியேற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விடும். அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் நான் கடிகாரத்தைத்தான் பார்ப்பேன். சூடு எத்தனை டிகிரி ஏறியது என்பதைவிட எவ்வளவு நேரத்தில் ஏறியது என்பதுதான் கோளாறு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

என் பெட்டியின் அளவைச் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் கணக்குகளுக்கு அதுதான் அடிப்படை. வெளி அளவு 320 × 230 × 160 மி.மீ., ஏறக்குறைய 11.8 லிட்டர். நடுவில் ஒரு தகடு; அதன் ஒரு பக்கம் மினி-ஐடிஎக்ஸ் என்ற சின்ன மதர்போர்டு, மறுபக்கம் ரைசர் கேபிளில் (கார்டைப் போர்டோடு இணைக்கும் நீட்டிப்புக் கேபிள்) கிராபிக்ஸ் கார்டு. மேலே 27 மி.மீ. தடிமனுள்ள 240 ரேடியேட்டர் (120 மி.மீ. ஃபேன் இரண்டு பிடிப்பது), அதன் அடியில் 15 மி.மீ. ஒல்லி ஃபேன் இரண்டு, காற்றை மேல் நோக்கித் தள்ளுகின்றன. பிராசசர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்துவது பிளாக்; பம்ப் அதன் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. பவர் சப்ளை எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன ரகம். பிராசசர், கார்டு இரண்டும் ஒரே தண்ணீர்ச் சுற்றில்.

லோடு கொடுத்த பத்து விநாடிக்குள் 95 டிகிரி

தண்ணீரைத் திட்டாதீர்கள், அதனால் இவ்வளவு வேகமாகச் சூடாக முடியாது. என் சுற்றில் இருப்பது 350 மில்லி. பிராசசரும் கார்டும் சேர்ந்து 280 வாட் கக்கி, அந்தச் சூடு துளிகூட வெளியே போகாமல் தண்ணீரிலேயே தங்கினால்கூட நிமிடத்துக்கு 11, 12 டிகிரிதான் ஏறும். பத்து விநாடியில் உச்சிக்குப் போகிறது என்றால், சூடு தண்ணீருக்குப் போய்ச் சேரவே இல்லை. பிராசசருக்கும் பிளாக்குக்கும் நடுவில்தான் தடங்கல்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ரைசன் 7000 வரிசைப் பிராசசர்களில் பல முழு லோடில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், அந்த நேரத்தில் எத்தனை வாட் இழுக்கிறது என்று பாருங்கள். 7950எக்ஸ் 230 வாட் இழுத்துக்கொண்டு 95-இல் நின்றால் அது அதன் சுபாவம். 90 வாட்டிலேயே 95 என்றால் பிளாக் ஒழுங்காக உட்காரவில்லை.

பிளாக்கின் அடியில் ஒட்டியிருந்த பாதுகாப்பு பிளாஸ்டிக்கை உரித்தோமா என்பது முதல் கேள்வி. சிரிக்காதீர்கள், நடக்கிறது. உரித்தாகிவிட்டது என்றால் சந்தேகப்பட வேண்டியது நாம் வரைந்த படத்தை. நான் 1.35 மில்லிமீட்டர் மிச்சம் பிடிக்கிற ஆசையில், வழக்கமான 6.35 மி.மீ. ஸ்டாண்ட்-ஆஃபுக்கு (போர்டைத் தகட்டிலிருந்து தூக்கி நிறுத்தும் குட்டித் தூண்) பதில் 5 மி.மீ. போட்டிருந்தேன். போர்டின் முதுகில் பிளாக்கைப் பிடித்திருக்கும் பேக்-பிளேட்டின் ஸ்க்ரூ முனைகள் நடுத்தகட்டில் முட்டின. முட்டினாலும் நாலு மூலையிலும் ஸ்க்ரூ ஏறிவிட்டது. போர்டுதான் வில் மாதிரி லேசாக வளைந்து நின்றது. பிளாக்கைத் தூக்கிப் பார்த்தபோது தெர்மல் பேஸ்ட் கதையைச் சொன்னது: ஒரு ஓரத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிய படலம், எதிர்மூலையில் நான் வைத்த பொட்டு நசுங்கவே இல்லாமல் அப்படியே பட்டாணி வடிவில். சாக்கெட்டுக்குப் பின்னால் நடுத்தகட்டில் ஒரு சதுர ஜன்னல் வெட்டிய பிறகுதான் சரியானது. இன்னும் வரைகிற கட்டத்தில் இருப்பவர்கள் அந்த ஜன்னலை இப்போதே போட்டுவிடுங்கள். பின்னால் பிளாக்கைக் கழற்றவும் வசதி.

ஒரு நிமிடத்துக்குள் ஏறி, தானாகவே அணைந்துவிடுகிறது

பத்து விநாடியும் இல்லை, அரை மணியும் இல்லை, நடுவில் என்றால் பம்ப் ஓடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாக்குக்குள் இருக்கும் கொஞ்சத் தண்ணீர் மட்டும் கொதிநிலையை நோக்கிப் போகிறது, மற்றதெல்லாம் அறை வெப்பத்தில் தேமே என்று கிடக்கிறது. இரண்டு டியூப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பிளாக்கை ஒட்டிய அங்குலம் சுடுகிறது, ஒரு சாண் தள்ளிக் குளிர்ச்சி என்றால் வேறு சோதனையே தேவையில்லை.

பம்புக்குக் கரண்ட் வருகிறதா, வேகம் காட்டும் ஒற்றை ஒயர் சிபியு ஃபேன் இணைப்பில் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒயர் இல்லையென்றால் பயாஸ் (கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் மென்பொருள்) "சிபியு ஃபேன் பழுது" என்று நிறுத்திவிடும். பம்ப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும்தான். பம்பைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்க்காதீர்கள். டி5, டிடிசி என்ற இரண்டு பம்ப் ரகங்களிலுமே உள்ளே ஓடும் தண்ணீர்தான் அச்சுக்கு எண்ணெய் மாதிரி. "ஓடுதான்னு மட்டும் ஒரு செகண்ட் பார்க்கலாம்" என்று தோன்றும். வேண்டாம்.

அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் மெல்ல மெல்ல ஏறி உயரத்தில் நின்றுவிடுகிறது

சின்னக் கேபினட்டின் நிஜமான வியாதி இதுதான். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்கிறது, ரேடியேட்டரும் வாங்கிக்கொள்கிறது, அங்கிருந்து காற்று கொண்டுபோகவில்லை. ஐந்து நிமிட டெஸ்ட்டில் இது தெரியாது. தண்ணீர் முழுக்கச் சூடேறி நிலைக்க நேரம் எடுக்கும் என்பதால் குறைந்தது அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும்.

எண்ணைக் குறிக்கும்போது அறை வெப்பத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். டிசம்பரில் எடுத்த அளவையும் ஏப்ரலில் எடுத்ததையும் ஒப்பிட்டுக் குழம்புவது நம் ஊரில் சகஜம். கோவையில் மின்விசிறி மட்டும் ஓடும் அறை ஏப்ரல் மதியம் 33 டிகிரி. தண்ணீர் 48 என்றால் வித்தியாசம் 15. இவ்வளவு சின்னப் பெட்டிக்கு நல்ல மார்க்தான். வித்தியாசம் 20-ஐத் தாண்டினால் கோடையில் தண்ணீர் 55-ஐ நெருங்கிவிடும். டி5 பம்புக்குச் சொல்லப்பட்ட எல்லை 60. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பலரும் உடனே பெரிய பம்ப் வாங்கப் போகிறார்கள். காசு வீண். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினாலே, 280 வாட்டுக்குத் தண்ணீர் சுற்றின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 4 டிகிரிதான் வித்தியாசம். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் அது 2 ஆகும். அவ்வளவுதான் லாபம். காற்றின் கணக்கைப் பாருங்கள்: அதே 280 வாட்டை, காற்று 10 டிகிரி மட்டும் சூடேறும்படி வெளியேற்ற, விநாடிக்கு 23 லிட்டர் காற்று தேவை. பெட்டியே 11.8 லிட்டர். அதாவது உள்ளே இருக்கும் மொத்தக் காற்றும் ஒவ்வொரு விநாடியும் இரண்டு தடவை மாற வேண்டும். இதை முதல் தடவை கணக்குப் போட்டபோது என் டிசைனை நானே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் சோதனை: பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு அரை மணி ஓட்டுங்கள். தண்ணீர் ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் பெட்டி மூச்சுத் திணறுகிறது. இறங்கவே இல்லை என்றால் ரேடியேட்டர் போதவில்லை, அல்லது சூடான காற்றையே ஃபேன் திரும்பத் திரும்பக் குடிக்கிறது. இரண்டில் எது என்று தெரிய ஊதுபத்தி போதும்.

வீட்டு ஃபேனை அணைத்துவிட்டு, எரியும் ஊதுபத்தியைக் கேபினட்டின் மேல்தகடு நெடுகக் கொண்டுபோனேன். நடுவில் புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே ஓடியது. நல்லது. ஓரத்துக்குக் கொண்டுபோனதும் புகை தயங்கி, வளைந்து, துளைகள் வழியாக உள்ளே இறங்கியது. அங்கேதான் விஷயம். பெட்டியின் உள்ளகலம் 156, ரேடியேட்டர் 120. இரண்டு பக்கமும் 18 மி.மீ. சந்து. ரேடியேட்டரைத் தாண்டி மேலே வந்த சூடான காற்றில் ஒரு பங்கு அந்தச் சந்து வழியாகவே கீழே இறங்கி மறுபடி ஃபேனுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஃபேனுக்கு அடியில் தெர்மாமீட்டர் முனையை வைத்தால் 44 காட்டியது, அறையில் 33. ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் ஜன்னல் ஏசி ஓரத்தில் ஒட்டுகிற ஃபோம் பட்டையை அடைத்தேன். தண்ணீர் 54-லிருந்து 47-க்கு இறங்கியது. செலவு நூறு ரூபாய்க்குள். அடுத்த முறை வரைந்தபோது அந்த இடுக்கையே தகட்டில் மடித்து அடைத்துவிட்டேன்.

பக்கத் தகட்டைக் கழற்றியதும் சட்டென்று இறங்கியவர்கள் துளைகளைப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு நிறையத் துளை இருப்பது மாதிரித் தெரியும், கணக்கில் இருக்காது. 4 மி.மீ. வட்டத் துளைகளை 6 மி.மீ. இடைவெளியில் அறுகோண வரிசையில் அடித்தால் திறந்திருக்கும் பரப்பு 40 சதவீதம்தான். துளையை 5 மி.மீ. ஆக்கினால் அதே இடைவெளியில் 63 சதவீதம். துளைகளுக்கு நடுவில் ஒரு மில்லிமீட்டர் தகடு மிஞ்சும், 1.5 மி.மீ. இரும்புத் தகட்டுக்கு அது தாங்கும். காற்றை உறிஞ்சும் பக்கம் ஃபேனைத் தகட்டோடு ஒட்டி வைக்காமல் அஞ்சு மில்லியாவது விலக்குங்கள். ஒட்டியிருந்தால் காற்று குறைவதோடு ஒரு மாதிரி ஊளையும் கேட்கும்.

வெப்பம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, கேம் மட்டும் இடையிடையே திக்குகிறது

பிராசசர் 65, கார்டு 60, ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லாம் ஒரு நொடி உறைகிறது. தண்ணீருக்கு மாறியவர்கள் மறக்கிற ஒன்று: பழைய காற்றுக் கூலர் பிராசசரை மட்டும் குளிர்விக்கவில்லை, அதைச் சுற்றியிருந்த மின்சுற்றுக்கும் போர்டிலேயே சொருகும் எம்.2 எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்கும் இலவசமாக விசிறிக்கொண்டிருந்தது. அந்த விசிறி போய்விட்டது. போர்டின் முதுகில் சொருகிய எஸ்எஸ்டிக்கு இன்னும் மோசம். நடுத்தகட்டுக்கும் போர்டுக்கும் இடையே ஆறு மில்லி சந்தில், எதிர்ப்புறம் கார்டின் சூட்டோடு அது வேகிறது. 80 டிகிரியை நெருங்கும்போது பெரும்பாலான எஸ்எஸ்டிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திக்குவது அதனால்தான். எச்டபிள்யு-இன்ஃபோ மாதிரி ஒரு மென்பொருளில் எஸ்எஸ்டியின் வெப்பத்தைக் கேம் ஓடும்போது பதிவு செய்துவிட்டு, திக்கிய நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். நடுத்தகட்டுக்கும் எஸ்எஸ்டிக்கும் நடுவில் சரியான தடிமனில் தெர்மல் பேட் வைத்தால் தகடே அதற்கு ஹீட்சிங்க் ஆகிவிடும். போர்டின் முன்பக்க மின்சுற்றுக்கு 40 மி.மீ. ஃபேன் ஒன்று, மெதுவாக ஓடினாலே போதும்.

களக் களக் என்று சத்தம், ஓடை ஓடுகிற மாதிரி

காற்று மாட்டியிருக்கிறது. முதல் இரண்டு நாள் கேட்டால் கவலை வேண்டாம். நாலாவது நாளும் கேட்டால் சுற்றின் மிக உயரமான இடம் எது என்று பாருங்கள். காற்று அங்கேதான் போய்ச் சேரும். அது பம்பாக இருந்தால் தவறு உங்கள் வரைபடத்தில். பெட்டியை நாலு பக்கமும் சாய்த்து, பம்பை வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றி ஓட்டி, நிரப்பும் வாயைத் திறந்து வைத்துக் காற்றை அங்கே ஓட்ட வேண்டும். குழந்தைக்கு ஏப்பம் எடுக்க வைப்பது மாதிரிப் பொறுமை வேண்டும். நிரப்பும் வாய் உயரமான இடத்தில் இல்லாமல் வரைந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான்.

அடியில் ஈரம்

முதலில் சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால் போதாது. பிளக் செருகியிருக்கும் வரை போர்டில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும். நனைந்ததை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே மறுபடி ஆன் செய்வது. அவசரப்பட்டவர்கள்தான் போர்டை இழக்கிறார்கள்.

கசிவின் இடத்தைத் தேட டிஷ்யூ பேப்பரை டியூப்பை இணைக்கும் ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும் சுற்றிவிடுங்கள். ஜி 1/4 (மரையின் அளவு) ஃபிட்டிங்கில் தண்ணீரைத் தடுப்பது மரை இல்லை, அடியில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். அதனால் டெஃப்லான் டேப் சுற்றவும் வேண்டாம், ஸ்பேனர் போட்டு இறுக்கவும் வேண்டாம். கையால் முடுக்கி நின்ற இடமே சரி. குழாய் வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு இது மனசு ஒப்பாது. மிதமிஞ்சி முடுக்கினால் ஓ-ரிங் பிதுங்கி வெளியே வந்து அங்கேதான் ஒழுகும். சின்னப் பெட்டியில் இன்னொரு காரணமும் உண்டு: பக்கத் தகட்டை மூடும்போது அது டியூப்பை அழுத்துகிறது, டியூப் ஃபிட்டிங்கைச் சாய்க்கிறது. திறந்து வைத்தால் ஒழுகாது, மூடினால் ஒழுகும். இப்படி இருந்தால் 90 டிகிரி திரும்பும் ஃபிட்டிங்குக்கு மாறுங்கள்.

என் கசிவு இதில் எதுவும் இல்லை. முதலில் 25 மி.மீ. ஃபேன் வைத்திருந்தேன், ரேடியேட்டரோடு வந்த 30 மி.மீ. ஸ்க்ரூ அதற்குச் சரியாக இருந்தது. இடம் போதாமல் 15 மி.மீ. ஃபேனுக்கு மாறினேன். ஸ்க்ரூவை மாற்றவில்லை. ஏழு ஸ்க்ரூ ஒன்றும் சொல்லாமல் ஏறின. எட்டாவது பாதியில் லேசாக இறுகி, அப்புறம் "நறுக்" என்று இளகியது. அந்த நறுக்கைக் கையில் உணர்ந்தேன், ஆனால் மரை பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இரவு முழுக்க ஒன்றும் இல்லை. காலையில் ஸ்க்ரூவின் தலையில் கடுகளவு ஒரு நீலத் துளி. முனை பத்து மில்லி அதிகமாக உள்ளே போய், தண்ணீர் ஓடும் தட்டைக் குழாயைக் குத்தியிருந்தது. சில ரேடியேட்டர்களில் ஸ்க்ரூத் துளைக்கு அடியில் தடுப்புத் தகடு இருக்கும், எல்லாவற்றிலும் இருக்காது. ஃபேனின் தடிமனோடு அஞ்சு மில்லி, அதற்கு மேல் ஸ்க்ரூ நீளம் தேவையே இல்லை. ஸ்க்ரூவின் மரை அளவு எம்3-யா, எம்4-ஆ, 6-32-ஆ என்பது ரேடியேட்டருக்கு ரேடியேட்டர் மாறும், பழைய டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்க்காதீர்கள்.

புதிதாகக் கட்டினால் தண்ணீருக்கு முன் காற்று. கேஜ் வைத்த கைப்பம்பால் 0.5 பார் ஏற்றி, கால் மணி நேரம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தபின் நிரப்புங்கள். நிரப்பிய பிறகு போர்டுக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்ட, பவர் சப்ளையின் 24 முனை இணைப்பில் 16-வதையும் 17-வதையும் ஒரு ஒயரால் இணைத்தால் ஆன் ஆகும். பழைய ஒயர்களில் அது பச்சையும் கறுப்பும். இப்போது எல்லா ஒயரும் கறுப்பாக வருவதால் எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை

ரைசர் கேபிள் போட்ட பெட்டியில் முதல் குற்றவாளி அதுதான். கார்டும் போர்டும் பேசும் இணைப்பான பிசிஐ எக்ஸ்பிரஸின் 3.0 பதிப்புக்கான ரைசரில் 4.0 கார்டும் 4.0 போர்டும் சேர்ந்தால், இரண்டும் தங்களுக்குள் வேகமான பாஷையில் பேச முயன்று நடுவில் கேபிள் திணறும், 3.0-வில் ஒவ்வொரு தடத்துக்கும் விநாடிக்கு 8 கிகா டிரான்ஸ்ஃபர், 4.0-வில் 16. கார்டை மேசையில் வைத்து நேரடியாகப் போர்டில் சொருகி, பயாஸில் அந்த ஸ்லாட்டை 3.0 என்று நிறுத்திவிட்டு மறுபடி ரைசரில் போடுங்கள். வேகத்தில் இழப்பு பெரும்பாலும் கண்ணில்கூடத் தெரியாது.

ரைசர் தகட்டைப் பெட்டியில் பிடிக்கும் ஸ்க்ரூக்களையும் பாருங்கள். என்இசட்எக்ஸ்டி நிறுவனம் தன் எச்1 கேபினட்டை 2021-இல் திரும்பப் பெற்றது இதனால்தான்: ரைசரைப் பிடித்திருந்த ஸ்க்ரூ சர்க்யூட் தகட்டில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தது. நாம் வீட்டில் வரைகிற பெட்டியில் அந்தச் சோதனையை நாம்தான் செய்ய வேண்டும். நைலான் வாஷர் போடுங்கள். 12 வோல்ட் முனைக்கும் கேபினட் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டர் பீப் அடிக்கிறதா என்று கரண்ட் கொடுக்கும் முன்பே தொட்டுப் பாருங்கள்.

கார்டுக்குக் கரண்ட் கொண்டுபோகும் 12விஎச்பிடபிள்யுஆர் கேபிளை இணைப்பிலிருந்து 35 மி.மீ. நேராக விட்டுத்தான் வளைக்க வேண்டும். பக்கத் தகடு அதை அழுத்தினால் அந்த டிசைன் தப்பு, மாற்றுங்கள்.

தொட்டால் சுரீர் என்கிறது

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார். பவர் சப்ளையின் உள்ளே வடிகட்டும் கெப்பாசிட்டர் இரண்டு, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குப் போகின்றன. எர்த் இருந்தால் அதன் வழியே வடிந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் பாடி 230-இல் பாதி, 115 வோல்ட் பக்கம் மிதக்கும்; டெஸ்டர் வைத்தால் எரியும். கரண்ட் மிகச் சிறியது என்பதால் சுரீரோடு நிற்கிறது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் போட்டிருந்தால் அதைத் தூக்கி எறியுங்கள். சாக்கெட்டில் எர்த் ஒயர் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுரீரைத் தாண்டி நிஜமாகத் தூக்கி அடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தப் பவர் சப்ளையை மறுபடி செருகாதீர்கள்.

எர்த் சரியாக இருந்தும் ஒரு தகட்டில் மட்டும் சுரீர் என்றால் அது பவுடர் கோட்டிங்கின் வேலை. அழகாக இருக்கும், கரண்ட்டைக் கடத்தாது. முன்பக்க யுஎஸ்பி தானாக விட்டுவிட்டு இணைவதற்கும் சில நேரம் இதுதான் காரணம். பவர் சப்ளை ஸ்க்ரூ உட்காரும் இடத்திலும், தகடும் தகடும் சேரும் ஓர் இடத்திலும் பெயிண்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்குங்கள்.

தகடு வந்துவிட்டது, பொருந்தவில்லை

இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஆனால் காசு அதிகம் போவது இங்கேதான். கோவை கணபதி பக்கம் தகடு வெட்டும் ஒரு லேசர் கடையில் முதல் தடவை தகடு வாங்கி வந்தபோது, 'ப' வடிவில் வளைத்த மூடியின் இரண்டு காலும் ஆளுக்கு இரண்டரை மில்லி நீளமாக இருந்தன. கடைக்கார அண்ணனிடம் எடுத்துப் போனேன். வெர்னியர் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, வளைவுக்கு எவ்வளவு கழிச்சிருக்கீங்க?" என்றார்.

"கழிக்கணுமாங்கண்ணா?"

அவர் சிரிக்கவில்லை, ஒரு துண்டுத் தகட்டை எடுத்து 100 மி.மீ. அளந்து வெட்டினார். நடுவில் வளைத்து, இரண்டு காலையும் வெளிப்பக்கமாக அளக்கச் சொன்னார். கூட்டினால் 102.6 வந்தது. வளைவில் வெளிப்புறம் நீள்கிறது. வெளியளவுகளைக் கூட்டி வெட்டினால் ஒவ்வொரு வளைவுக்கும் அந்த அளவு மிஞ்சும். 1.5 மி.மீ. இரும்பில், அவருடைய வளைக்கும் டையில், 2.6. வேறு டை, வேறு தகடு என்றால் எண்ணும் வேறு. இப்போதெல்லாம் புதுக் கடைக்குப் போனால் முதலில் ஒரு சோதனைத் துண்டு வளைத்து வாங்கி, அந்த அளவை ஃபியூஷன், ஃப்ரீகேட் மாதிரி வரைபட மென்பொருளில் போட்ட பிறகுதான் வரைவேன்.

துளைகள் வளைவுக்குப் பக்கத்தில் முட்டை வடிவமாகிவிட்டால், அவற்றைத் தகட்டின் தடிமனில் இரண்டு மடங்கும் வளைவின் உள் ஆரமும் சேர்ந்த தூரத்துக்காவது தள்ள வேண்டும். கோட்டிங்குக்குப் பிறகு ஸ்க்ரூ நுழையவில்லை என்றால், பவுடர் ஒரு பக்கத்துக்கு 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறியிருக்கும், எம்3-க்கு 3.2 விட்டிருந்தீர்கள் என்றால் அடுத்த தடவை 3.4 விடுங்கள். மரை போட்ட துளைகளைக் கோட்டிங்குக்கு அனுப்பும் முன் அடைத்துக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் மரை போடும் டேப்பை எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி ஓட்ட வேண்டியதுதான்.

போர்டு மூன்று துளையில் உட்கார்ந்து நாலாவதில் மட்டும் உட்காரவில்லையா? மினி-ஐடிஎக்ஸ் துளைகள் செவ்வகம் என்று நினைத்து வரைந்திருப்பீர்கள். 170 × 170 போர்டில் இரண்டு வரிசைகளுக்கு இடையே 157.48 மி.மீ.; ஆனால் ஒரு வரிசையில் துளைகள் 154.94 இடைவெளியிலும், மற்றதில் 132.08 இடைவெளியிலும் இருக்கும். பின்பக்கம் ஒரு துளை 22.86 மி.மீ. உள்ளே தள்ளியிருக்கிறது. பின்பக்க இணைப்புகளுக்கான ஜன்னல் 158.75 × 44.45. இதையெல்லாம் காகிதத்தில் ஒன்றுக்கு ஒன்று அச்செடுத்து, கெட்டி அட்டையில் ஒட்டி வெட்டி, நிஜ போர்டை வைத்துப் பார்த்துவிட்டு லேசர் கடைக்குப் போனால் அட்டையோடு நஷ்டம் போகும்.

தண்ணீரின் நிறம் மாறுகிறது

பச்சையாகக் கொழகொழவென்று இருந்தால் பாசி. கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ ஊற்றியிருப்பீர்கள். டிஸ்டில்டு வாட்டரோடு பாசி தடுப்பான் சேர்ந்த கூலன்ட்டுக்கு மாறுங்கள். பேட்டரிக்கு விற்பதை வாங்கினால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். கலங்கி, பிளாக்கின் மெல்லிய பள்ளங்களில் வெள்ளை மாவு மாதிரிப் படிந்திருந்தால் டியூப்பைச் சந்தேகப்படுங்கள்; கண்ணாடி போன்ற மலிவு டியூப்பிலிருந்து அதை மென்மையாக்கும் பொருள் தண்ணீரில் இறங்குகிறது. கறுப்பு இபிடிஎம் ரப்பர் டியூப்பில் அந்தத் தொல்லை குறைவு, பார்க்கத்தான் கார் ரேடியேட்டர் பைப் மாதிரி இருக்கும்.

வெள்ளை ஜெல்லி மாதிரித் திட்டுகள் என்றால் நிறுத்துங்கள். செம்பு பிளாக்கோடு மலிவான அலுமினிய ரேடியேட்டர் சேர்ந்ததால் அலுமினியம் அரிபடுகிறது. மூடிய ரெடிமேட் கூலர்களிலும் செம்பும் அலுமினியமும் சேர்ந்துதான் இருக்கின்றன, ஆனால் அவற்றின் தண்ணீரில் அரிப்புத் தடுப்பான் கலந்திருக்கும். அதைத் திறந்து வெறும் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. தனியாக வாங்கும்போது "செம்பு, பித்தளை" என்று எழுதியிருக்கிற ரேடியேட்டரையே வாங்குங்கள்.

ராத்திரி மட்டும் கேட்கும் ரீங்காரம்

பம்பின் அதிர்வு தகட்டில் ஏறி, தகடு ஒலிபெருக்கி ஆகிறது. பக்கத் தகட்டின் நடுவில் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் அங்கே ஒரு ரப்பர் துண்டு ஒட்டினாலே போதும். நிற்காவிட்டால் பம்பின் வேகத்தைப் பத்துப் பத்து சதவீதமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், ஏதோ ஒரு வேகத்தில் சட்டென்று அடங்கும். என் பெட்டியில் அது 60 சதவீதம். தண்ணீர் ஒரு டிகிரிகூட ஏறவில்லை.